பரணில் அவல், பூட்டுக்குள் துப்பாக்கி: நெல்லைச் சீமை வீட்டுக்கு ஒரு ஏற்பாடு

வெள்ளம் மாதிரி ஆபத்துக்கு என்று எடுத்து வைக்கிற சாமானையும், உரிமம் வாங்கி வைத்திருக்கிற துப்பாக்கியையும் நம்ம ஆட்கள் ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள். "யார் கண்ணிலும் படாம வைக்கணும்" என்று இரண்டுக்கும் ஒரே பேச்சு, அப்புறம் இரண்டையும் கொண்டுபோய் ஒரே பரணில், ஒரே சாக்குக்குப் பின்னால் செருகிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. சாமான் வெளியாள் கண்ணில் படாமல் இருந்தால் போதும், ஆனால் வீட்டில் எல்லாருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூட, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி தண்ணீர் ஏறி வரும்போது அப்பா மதுரையில் இருந்தால் டார்ச் எங்கே என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. துப்பாக்கிக்கு நேர் எதிர் கணக்கு. அதை ஒளித்து வைத்துப் பிரயோஜனம் இல்லை, பூட்டித்தான் வைக்க வேண்டும், சாவி உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் மட்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் சுலபம். முதலில் சாமானைப் பார்த்துவிடுவோம், துப்பாக்கி இல்லாத வீடுதான் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது, அவர்கள் பாதியிலேயே எழுந்து போய்விடலாம்.

எதற்காக இந்த ஏற்பாடு என்று நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையை மீறி நெல்லை ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் வந்து நின்றது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு சுமார் 800 பேர் சாப்பாடு இல்லாமல் தவித்தார்கள். கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஏடிஎம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. ஆற்றில் கரைபுரள வெள்ளம், வீட்டில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை என்ற கொடுமையை அன்றைக்குப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் "இதென்ன, அப்பவும் இப்படித்தான்" என்பார்கள். ஆக முப்பது வருஷத்துக்கு ஒரு தடவை வருவதுதானே என்று விட்டுவிட முடியாது, பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் மூன்றும் ஒரே நேரத்தில் நிரம்பிவிட்டால் அப்புறம் வானம்தான் முடிவு செய்யும்.

முதல் வேலை, எடுத்து வைக்கிறதுக்கு முன்னாலேயே செய்ய வேண்டியது: உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டால் சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள். 92-க்கு ஒரு அடையாளம், 2023-க்கு ஒரு அடையாளம், இரண்டில் எது உயரமோ அதற்கு மேல் இரண்டு அடி. அதுதான் உங்கள் வீட்டுக் கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே ஆபத்துச் சாமான் எதுவும் இருக்கக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரியும் அந்தக் கோட்டுக்கு மேலேதான். ஒரு பட்டறையில் சொல்லி ஆங்கிள் ஸ்டாண்டு அடித்தால் முடிந்தது. வீடே கோட்டுக்குக் கீழே என்றால், சிந்துபூந்துறைப் பக்கம் ஓட்டு வீடுகள் சிலது அப்படித்தான், சாமானை வீட்டில் வைத்துப் பயன் இல்லை. மாடி இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் ஒரு பெட்டி வைத்துவிட்டு, வீட்டில் தூக்கிக்கொண்டு ஓடுகிற பை ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வேண்டும்? நாலு பேர், ஐந்து நாள் என்று கணக்குப் போடுங்கள். குடிக்க, கொஞ்சம் சமைக்க ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். மொத்தம் 80 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் நாலு. இதைக் கேட்டதும் பாதிப் பேர் மலைத்துப்போவார்கள், ஆனால் கேன் தண்ணீர் வாங்குகிற வீட்டில் ஏற்கெனவே இரண்டு கேன் இருக்கும், இன்னும் இரண்டு சேர்த்துச் சுழற்சியில் ஓட்டுங்கள், புதுசு வந்ததும் பழசை எடுத்துப் புழங்குங்கள். கேனை வெயில் படுகிற இடத்தில் வைக்காதீர்கள். அதற்கு மேல் தண்ணீர் வேண்டுமென்றால் மழை எச்சரிக்கை வந்த அன்றைக்கே, கரண்ட் போவதற்கு முன்னால், மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள், வீட்டில் இருக்கிற குடம், அண்டா, குக்கர் எல்லாவற்றிலும் பிடித்து மூடி வையுங்கள். தரைத்தொட்டியை நம்பாதீர்கள், வெள்ளத் தண்ணீர் முதலில் நுழைவது அதற்குள்தான், சாக்கடையும் சேர்ந்தே வரும். குளோரின் மாத்திரை ஒரு அட்டை வைத்திருங்கள், எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று அட்டையிலேயே போட்டிருக்கும், அதன்படி போட்டு அரை மணி நேரம் விட்டுக் குடிக்கலாம். அடுப்பு எரிந்தால் நன்றாகக் கொதிக்க வைப்பதுதான் உத்தமம்.

சாப்பாட்டுக்குச் சமைக்காமல் தின்கிற பண்டத்தை முதலில் வையுங்கள். இதில் நம்ம ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சிவப்பு அவல் நாலு கிலோ, தண்ணீர் தெளித்தால் போதும். கருப்பட்டி இரண்டு கிலோ. பொரிகடலை, கோவில்பட்டிக் கடலை மிட்டாய், பிஸ்கட், பால் பவுடர், சுக்குத் தூள், ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய், உப்பு. கைக்குழந்தை இருந்தால் அதற்கு உள்ளது தனி. அடுப்பு எரிகிற நிலை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அரிசி ஐந்து கிலோ, பாசிப்பருப்பு ஒரு கிலோ. கடையில் விற்கிற விதவிதமான டின் உணவை வாங்கி அடுக்குவது நமக்குத் தேவையில்லாத செலவு, பிள்ளைகள் அதைத் தொடவும் மாட்டார்கள்.

கருப்பட்டி விஷயம் மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஐப்பசி வந்தாலே வேர்க்க ஆரம்பித்துவிடும். அந்தக் காலத்தில் ஓலைப் பெட்டியில் போட்டு விறகடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள், புகையும் சூடும் சேர்ந்து ஈரம் அண்டாது. இன்றைக்குக் கேஸ் அடுப்புக்கு மேலே அதைத் தொங்கவிட்டால் எண்ணெய்ப் பிசுக்குதான் ஏறும். அதனால் புரட்டாசி வெயிலிலேயே வாங்குங்கள், ஒரு நாள் நிழலில் ஆறவிடுங்கள், ஒவ்வொரு வட்டையும் காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, இறுக்கமாக மூடுகிற எவர்சில்வர் டப்பாவில், அடியில் ஒரு துணியில் வறுத்த அரிசியைக் கட்டிப் போட்டு மூடுங்கள். விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அந்த வட்டு இந்த வாரக் காப்பிக்கு. அவல் மூன்று மாதத்துக்கு மேல் போனால் சிக்கு வாடை அடிக்கும், எடுத்துப் பாயசம் வைத்துவிட்டுப் புதுசு போடுங்கள். டப்பா மூடியில் ஒரு டேப் ஒட்டி மார்க்கரில் மாதத்தை எழுதிவிட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மருந்துக்கு: வீட்டில் சர்க்கரை, பிரஷர், இதயம் என்று யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்களோ அதில் இரண்டு வாரத்துக்கு உபரி. ஓஆர்எஸ் பத்துப் பாக்கெட், ஒரு பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். காய்ச்சல் மாத்திரை, டெட்டால், பஞ்சு, கட்டுத்துணி. இன்சுலின் போடுகிறவர் இருந்தால் கரண்ட் போனபின் ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரிதான். ஒரு பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்ன மண்சட்டியைப் பதித்து, மருந்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடுங்கள், மணல் காயாமல் பார்த்துக்கொண்டால் ஓரளவு குளுமை நிற்கும். டார்ச் இரண்டு, பேட்டரி தனியாக, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், விசில், பத்து மீட்டர் நைலான் கயிறு, இறுக மூடுகிற பாட்டிலில் தீப்பெட்டி. பெட்ரோல் கேனை மட்டும் வீட்டுக்குள் வைக்காதீர்கள், பைக்கு டாங்கை நிரப்பி வைத்தால் போதும்.

சரி, இதையெல்லாம் எங்கே வைப்பது. அவலையும் கருப்பட்டியையும் கன்னம் வைத்துத் திருட எவனும் வரப்போவதில்லை, அதனால் ரகசிய அறை கட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம். வெளியாள் கண்ணில் படாமல் வைப்பதற்கு வேறு காரணம். முன்னால் அடுக்கி வைத்திருந்தால் தினம் ஒன்றாகக் குறையும், பிள்ளைகள் கடலை மிட்டாயை முடித்துவிடும், விருந்தாளி வந்தால் பிஸ்கட் போய்விடும், பக்கத்து வீட்டு அக்கா "ஒரு படி அவல் இருக்கா" என்று கேட்டால் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. கடைசியில் வெள்ளம் வருகிற அன்றைக்கு டப்பாதான் இருக்கும். இன்னொன்று, இந்தச் சாமானோடு கொஞ்சம் பணமும் பத்திர நகலும் வைக்கப்போகிறோம், அதற்காகவாவது அடக்கம் வேண்டும்.

நல்ல இடம் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டா, கொப்பரை, பரணில் கவிழ்த்துக் கிடக்கிறதே, வருஷத்துக்கு ஒரு தடவைகூட யாரும் இறக்காதது, அதுதான். அண்டாவை நிமிர்த்தி வையுங்கள், உள்ளே டப்பாக்களை அடுக்குங்கள், மேலே ஒரு பழைய பத்தமடைப் பாயைச் சுருட்டிப் போடுங்கள், கீழே நின்று பார்க்கிறவனுக்கு அது பழைய பாத்திரம், அவ்வளவுதான். பித்தளையை எலி கரண்டாது, ஓட்டு வீட்டில் மரநாய் இறங்கினாலும் தள்ளிவிட முடியாது. கனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய பரணில் மரக்கட்டையைக் கரையான் தின்றிருக்கும், ஆளே ஏறி நின்று பார்த்துவிட்டுப் பாரத்தை ஏற்றுங்கள். ஏணி எப்போதும் வீட்டுக்குள் இருக்க வேண்டும், தொழுவத்தில் கிடக்கிற ஏணி வெள்ளத்தில் முதலில் போய்விடும். அப்பார்ட்மெண்ட் வீடு, பாளையங்கோட்டைப் பக்கம் இப்போது அதுதான் நிறைய, பெட்டிக் கட்டிலின் உள்பக்கம், லாஃப்டில் சூட்கேஸ் உள்ளே, இரண்டும் நல்ல இடம். தண்ணீர்க் கேனை ஒளிக்க வேண்டியதில்லை, கேன் இல்லாத வீடு எது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கையோடு தூக்குகிற பை கதவுக்குப் பக்கத்தில், குடைக்குப் பின்னால் ஆணியில் தொங்கட்டும். பழைய பள்ளிக்கூடப் பையாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதில் ஒரு நாள் சாப்பாடு, மாத்திரை, டார்ச், மாற்றுத்துணி, ஆதார் ரேஷன் கார்டு நகல், பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாளாகக் கொஞ்சம் பணம். போனில் காசு இருந்தாலும் டவர் இல்லாதபோது பால்காரர் ரொக்கம்தான் கேட்பார், ஐந்நூறுக்குச் சில்லறையும் கிடைக்காது. மூலப் பத்திரமும் நகையும் வங்கி லாக்கரில் இருப்பதுதான் சரி. வீட்டில் வைக்கிறவர்கள் பீரோ, பூஜை அறை, மெத்தைக்கு அடி, அரிசி டிரம் என்று நாலு இடத்தில்தான் வைப்பார்கள், திருடனும் அந்த நாலு இடத்தைத்தான் முதலில் கிளறுவான்.

இன்னும் ஒன்று, வாய். நம்ம ஊரில் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர், வயரிங் பார்க்க வந்தவர், சீட்டுப் பிடிக்கிற அக்கா, எல்லார் மூலமாகவும் சேதி நடக்கும். வெளியே சொல்ல வேண்டிய அவசியமே இல்லாததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சித்திரைக் கோயில் கொடைக்கு ஊருக்குப் போகிறோம் என்று குடும்பத்தோடு பஸ்ஸில் இருந்தே படம் போடுவது, பூட்டின வீடு எது என்று அறிவிப்புக் கொடுப்பது மாதிரி. போய்விட்டு வந்து போடுங்கள், போவதற்கு முன்னால் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி துப்பாக்கி.

நம்ம பக்கம் உரிமம் உள்ள துப்பாக்கி வைத்திருப்பவர்கள் யார்? பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வங்கிக் காவலுக்குப் போகிறவர்கள், பழைய மிராசு வீடுகள், மலையடிவாரத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாங்கின விவசாயிகள். பெரும்பாலும் 12 போர் (குழலின் அளவு) ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல். ஊரகத்தில் உரிமம் கொடுப்பவர் கலெக்டர், மாநகரத்துக்குள் போலீஸ் கமிஷனர். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி தாத்தா காலத்தில் இருந்து பரணில் கிடக்கிறது என்றால் இந்தக் கட்டுரையில் அதற்கு ஒளிப்பதற்கு இடம் தேடாதீர்கள். ஒரு வக்கீலைப் பார்த்து, அவரோடு போய்க் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். அதை வைத்திருப்பதே குற்றம், வெடித்தால் வெடிக்கிற பக்கமும் தெரியாது. களக்காடு, கடையம், சிவசைலம் பக்கம் பன்றித் தொல்லை எவ்வளவு என்று தெரியாமல் சொல்லவில்லை, ஆனால் கையில் உரிமம் இருப்பதால் மட்டும் பன்றியைச் சுட்டுவிட முடியாது, பக்கத்திலேயே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1972 வனவிலங்குச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, வனத்துறையிடம் கேட்காமல் கைவைக்காதீர்கள்.

துப்பாக்கி வாங்க விண்ணப்பிக்கும்போதே பத்திரமாக வைப்பேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும், 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகள் அப்படிச் சொல்கின்றன. கையெழுத்துப் போட்டதோடு சரி என்று கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கிற வீடு இன்னும் இருக்கிறது. முன்வாசலில் மானின் தலைக்குக் கீழே சுவரில் மாட்டி வைப்பது பழைய பண்ணையார் பழக்கம், அது இன்றைக்குத் திருடனுக்கு விலாசம் எழுதி வைத்த கணக்கு.

செய்ய வேண்டியது இது. முதலில் துப்பாக்கியை மடக்கிக் குழலைப் பாருங்கள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இரண்டு குழலும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலை. நேற்றுப் பார்த்தேனே என்பது கணக்கில் வராது. இரட்டைக்குழல் என்றால் குழலுக்கு அடியில் கை பிடிக்கிற முன்கட்டையைக் கழற்றிவிடலாம், குழல் தனி, பின்கட்டை தனி என்று மூன்றாகப் பிரிந்துவிடும். முன்கட்டையை மட்டும் வேறு பூட்டுக்குள் வைத்துவிட்டால் மற்ற இரண்டும் எவன் கையில் கிடைத்தாலும் உடனே உபயோகப்படாது. பிரித்த துப்பாக்கிக்குப் பெட்டியும் சின்னதாகப் போதும், துணி அலமாரிக்கு உள்ளேயே அடங்கிவிடும், வெளியே பார்த்தால் சேலை வேட்டி அடுக்கின மர அலமாரிதான்.

அந்தப் பெட்டி இரும்பாக இருக்க வேண்டும், கீல் உள்பக்கம் இருக்க வேண்டும், முதுகில் நாலு ஓட்டை போட்டு ஆங்கர் போல்ட்டால் சுவரோடு இறுக்க வேண்டும். இறுக்காத பெட்டியைத் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் ஆற அமர உடைப்பான். பழைய வீட்டு மண்சாந்துச் சுவரில் போல்ட் நிற்காது, கையால் ஆட்டினாலே பொடியாக உதிரும். அப்படிப்பட்ட வீட்டில் கான்கிரீட் தூண் அல்லது பீம் போட்ட இடமாகப் பார்த்து அடியுங்கள். ஜன்னல் இல்லாத உள் அறை, அரங்கு வீடு என்போமே, அது இதற்கு நல்ல இடம்தான், ஆனால் பழைய வளவு வீடுகளில் அரங்கில் ஓதம் ஏறும், பெட்டியின் அடி மேலே சொன்ன கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். பெட்டி செய்கிற பட்டறையில் எதற்கு என்று விளக்கிக்கொண்டு நிற்காதீர்கள், பத்திரம் வைக்க என்றால் போதும்.

தோட்டா வேறு பெட்டி, வேறு அறை, வேறு சாவி. ஒரே பெட்டியில் இரண்டு தட்டாக வைப்பது பாதிக் காரியம்தான். சூடு ஆகாது, சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே பரணில் கை வைக்க முடியாது, அடுக்களைப் பக்கமும் வேண்டாம். எத்தனை தோட்டா வாங்கினது, எத்தனை இருக்கிறது என்று சின்ன நோட்டில் எழுதுங்கள், உரிமத்தில் போட்டிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஒன்று இருந்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

துப்பாக்கியை ரெக்சின் உறையிலோ தோல் உறையிலோ போட்டுப் பூட்டி வைக்காதீர்கள், உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கார்த்திகை முடிவதற்குள் குழலில் செம்புள்ளி விழுந்துவிடும். துடைத்து, துப்பாக்கி எண்ணெய் மெல்லியதாகத் தடவி, வெறுமனே வையுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. விரல் பட்ட இடம்தான் முதலில் துருப்பிடிக்கும், அதனால் கடைசியாகத் தொடும்போது துணியோடு தொடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு, அது நாளாவட்டத்தில் பிசின் மாதிரி இறுகி விசையையே பிடித்துக்கொள்ளும்.

சாவியை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லா வீட்டிலும் கோட்டை விடுகிறார்கள். முருகன் படத்துக்குப் பின்னால், பீரோ மேல்தட்டில், உப்பு ஜாடிக்கு அடியில், இதெல்லாம் பத்து வயசுப் பையனுக்கு ஒரு மத்தியான வேலை. சாவி உரிமக்காரர் உடம்போடு இருக்க வேண்டும், வீட்டுச் சாவிக்கொத்தில் வேண்டாம், மாற்றுச் சாவி வங்கி லாக்கரில். எண் பூட்டு என்றால் பிறந்த தேதி, வண்டி நம்பர் வேண்டாம். உரிமத்தில் பெயர் இல்லாத தம்பியோ மகனோ உங்கள் துப்பாக்கியைத் தனியாகக் கையாளவே கூடாது. வீட்டுக்குப் பெரியவர் ஆயிற்றே, தெரிந்து வைத்திருக்கட்டும் என்று அண்ணாச்சிகள் மச்சினனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு துபாய் போகிறார்கள். நாலு நாளைக்கு மேல் ஊரில் இல்லை என்றால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஒப்படைக்கச் சொல்வார்கள், அந்தப் பழக்கம்தானே.

இதைச் சொல்லாமல் போக முடியாது: வீட்டில் யாராவது மனசு உடைந்து பேசாமல் இருக்கிறார்கள், கடன் தொல்லை, குடி, பரீட்சையில் தோற்ற பிள்ளை, எதுவாக இருந்தாலும் சரி, அந்தக் காலம் கடக்கிற வரை துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கவே கூடாது. எவ்வளவு நல்ல பூட்டானாலும் சரி. அன்றைக்கே ஒப்படைத்துவிடுங்கள், காரணம் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. பேசுவதற்கு 14416 என்ற எண்ணில் நாள் முழுக்கத் தமிழிலேயே ஆள் இருக்கிறார்கள்.

ஆயுத பூஜைக்கு எடுத்துத் துடைத்துச் சந்தனம் வைப்பது நம்ம வழக்கம், அதில் தப்பில்லை. காலி என்று பார்த்துவிட்டு வையுங்கள், பூஜை முடிந்த கையோடு உள்ளே போய்விட வேண்டும், படம் எடுத்துப் போடாதீர்கள். கல்யாணத்தில், கொடையில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி என்கிற வீரமெல்லாம் 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அதே திருத்தத்தில்தான் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று குறைத்தார்கள், உரிமக் காலத்தை மூன்றில் இருந்து ஐந்து வருஷமாக ஏற்றினார்கள். ஐந்து வருஷம் என்பதால் தேதி மறந்துபோகும், உரிமத்தின் நகலைப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். உரிமக்காரர் இறந்துவிட்டால் காரியம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள், தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டும், வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிப்பது அப்புறம். இதை உங்கள் வீட்டம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள், துப்பாக்கி விஷயத்தில் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது சாவி அல்ல, இதுதான்.

மழை எச்சரிக்கை வந்துவிட்டது, அணையில் தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று தண்டோராவோ மைக்கோ கேட்கிறது, அப்போது என்ன வரிசை? கோட்டுக்குக் கீழே இருக்கிற வீடு என்றால் துப்பாக்கிதான் முதல் வேலை. வெளிச்சம் இருக்கும்போதே, தோட்டாவைத் தனியாக எடுத்துக்கொண்டு, உரிமப் புத்தகத்தோடு காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். நிவாரண முகாமுக்குத் துப்பாக்கியோடு போய் உட்கார முடியாது, பள்ளிக்கூட ஹாலில் இருநூறு பேர், பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும். அதை முடித்துவிட்டு வந்து தண்ணீர் பிடியுங்கள், போன்களைச் சார்ஜ் போடுங்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள், சிலிண்டர் வால்வை மூடிச் சங்கிலியால் கட்டுங்கள், மாட்டை அவிழ்த்துவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108. போனில் மட்டும் வைக்காமல் கதவுக்குப் பின்னால் சுவரில் எழுதிவிடுங்கள், பக்கத்து வீட்டுப் பெரியவர் நம்பரையும் சேர்த்து. பரணில் இருக்கிறதை அன்றைக்கு ஒளிக்க வேண்டாம், தெருவில் பசித்தவர் இருந்தால் அண்டாவை இறக்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள், அதற்குத்தானே வைத்தது.

நேரம் கிடைக்கவில்லை, வீட்டைப் பூட்டிவிட்டு ஓட வேண்டியதாகிவிட்டது, பெட்டி தண்ணீரில் முழுகிவிட்டது என்றால், திரும்பி வந்ததும் பெட்டி இருந்த இடத்தில் இருக்கிறதா, பூட்டு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். காணோம் என்றால் வீட்டைக் கழுவுவதற்கு முன்னாலேயே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, மனு ஏற்பு ரசீதை வாங்கிவிடுங்கள். இருந்தால், சேறு புகுந்த குழலில் எக்காரணம் கொண்டும் தோட்டா போடாதீர்கள், குழல் பிளந்துவிடும். மேலாகத் துடைத்து, உரிமம் உள்ள கடைக்காரரிடம் கொடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். நனைந்த தோட்டாவை வெயிலில் காயவைத்துத் திரும்ப உபயோகிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாய்க்காலில் வீசவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். நோட்டில் எழுதின எண்ணிக்கைப்படி எண்ணி, கடையிலோ நிலையத்திலோ ஒப்படைத்து, எண்ணிக்கை போட்ட ரசீதை உரிமத்தோடு சேர்த்து வையுங்கள். புதுத் தோட்டா வாங்கப் போகும்போது அதைக் கேட்கலாம்.